ஆறு இறங்கிய மாதத்துத் தண்ணீர்

கெய்ரோ, 7 ஜனவரி 1995

ஸித்த் இனாயத் அவர்களுக்கு,

உங்களிடம் நான் ஒப்படைத்த ஆறு டிஸ்கஸ் மீன்களில் நான்கு செத்துவிட்டன. இதை எனக்கு எழுதியது நீங்கள் அல்ல. உங்கள் ஊர் ரஷீதுக்கும் கெய்ரோவுக்கும் மினிபஸ் ஓட்டுகிற ஷல்பி, என் கடை வாசலில் நின்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "ஹாஜ், உங்க தட்டு மீனுல நாலு காலியாம். அந்தம்மா மூஞ்சியே சரியில்ல." இப்படியா நான் கேள்விப்பட வேண்டும்?

ஐந்து வருஷமாக உங்கள் மாடியில் வளரும் ஏஞ்சல் மீன்களை வாங்கி விற்கிறேன். ஒரு பெட்டியைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. பூகம்பத்தில் விரிசல் விட்ட இந்தக் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னபோது, அந்த நம்பிக்கையில்தான் டிஸ்கஸ்களை உங்கள் கையில் கொடுத்தேன். இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய மீன்கள். புதுக் கடைக்கு முன்பணம் கொடுக்க அவற்றைத்தான் நம்பியிருந்தேன்.

தினமும் பாதித் தண்ணீர் மாற்றச் சொன்னேன். குழாய்த் தண்ணீரைப் பீப்பாயில் திறந்து வைத்து, குளோரின் பறந்த பிறகு ஊற்றச் சொன்னேன். நீங்கள் சோம்பல்பட்டுக் குழாயிலிருந்து நேராக ஊற்றியிருக்கிறீர்கள். வேறெதுவும் டிஸ்கஸை இப்படி வரிசையாகக் கொல்லாது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஊறுகாய் ஜாடியில் மீன் வைத்து விற்றுத் தொடங்கியவன் நான். எனக்குக் கதை சொல்ல வேண்டாம்.

மீதி இரண்டும் போனால் நமக்குள் வியாபாரம் இல்லை. ஏஞ்சலும் வேண்டாம்.

கைரி


ரஷீத், 10 ஜனவரி

ஹாஜ் கைரி அவர்களுக்கு,

ஸலாம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் சொல்கிறேன்: அஸ்ஸலாமு அலைக்கும்.

என்னைச் சோம்பேறி என்கிறீர்கள். என் மாடியில் மூன்று நீலப் பீப்பாய்கள் இருக்கின்றன. ஒன்றில் நேற்றைய தண்ணீர், ஒன்றில் இன்றைய தண்ணீர், ஒன்று காலி. வாய் திறந்து, வெயில் பட, இரண்டு பகல் நிற்காத தண்ணீர் என் தொட்டிக்குள் போனதே இல்லை. என் அண்ணன் ஸப்ரியே கேலி செய்வான்: "ஏம்மா, தண்ணிக்குத் தாலாட்டு மட்டும்தான் பாடல. அதையும் பாடிரு!"

நவம்பர், டிசம்பர் எல்லாம் ஆறு மீன்களும் நன்றாகத்தான் இருந்தன. என் கையிலிருந்தே மாட்டு இதயத் துணுக்கை வாங்கித் தின்றன. புத்தாண்டு கழிந்ததும் பெரிய தொட்டியில் இருந்த நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உடம்பு கறுத்தது. பயந்துபோய் இன்னும் தண்ணீர் மாற்றினேன். காலையில் பாதி, அஸர் தொழுகைக்குப் பிறகு பாதி. மாற்ற மாற்ற மோசமானது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தமே இல்லாத மாதிரி வெளிறிக் கிடந்தது.

பிழைத்திருக்கும் இரண்டும் மூலைத் தொட்டியில் இருப்பவை. மற்றவற்றோடு சண்டை போடுகின்றன என்று நீங்களே பிரித்து வைக்கச் சொன்ன ஜோடி. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன்: அந்தத் தொட்டியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஸப்ரி தன் புறாக் கூண்டுகளைக் கொண்டுவந்து அதன் முன்னால் அடுக்கிவிட்டான், வாளியோடு உள்ளே போக வழியில்லை. வாரத்துக்கு ஒரு முறை இரண்டு குவளை ஊற்றினால் அதிகம்.

புறா வளர்க்க அந்த அறை முழுதும் வேண்டும் என்கிறான் அவன். "பெருநாள் வரைக்கும் பாக்குறேன். மீனு செத்துக்கிட்டே இருந்துச்சுன்னா கண்ணாடியெல்லாம் வித்துட்டுக் கீழ வந்து சமையலப் பாரு" என்று சொல்லிவிட்டான். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபின் எனக்கு இருக்கும் ஒரே பிழைப்பு இந்த மாடி. உங்களுக்கு ஆறு மீன். எனக்கு அது மட்டுமல்ல.

நோய் பிடித்த மீனை நீங்கள்தான் அனுப்பினீர்களோ என்று நானும் கேட்கலாம். கேட்கவில்லை.

இனாயத்


கெய்ரோ, 13 ஜனவரி

ஸித்த் இனாயத்,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதத்தைக் கோபமாக ஒரு முறை படித்தேன், பிறகு வியாபாரியாக ஒரு முறை படித்தேன். கவனித்த தொட்டி செத்தது, கவனிக்காத தொட்டி பிழைத்தது. நோய் என்றால் இப்படி ஆள் பார்த்து வராது. மீன்களைக் கொன்றது நீங்கள் வாளியில் கொண்டுபோனதுதான்.

ஆனால் இரண்டு பகல் நின்ற தண்ணீரில் குளோரின் எப்படி இருக்கும்? இங்கே ஒரே இரவில் பறந்துவிடுகிறது. நீங்கள் சொல்வது உண்மையென்றால் எனக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது. பொய்யென்றால் அதுவும் தெரிந்துவிடும்.

உங்கள் பீப்பாயில் இரண்டு பகல் நின்ற தண்ணீரை ஒரு பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, மூடி இறுக்கி, ஷல்பியிடம் கொடுங்கள். அவன் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதுவரை மூலைத் தொட்டியில் ஒரு குவளை நீர்கூட மாற்றாதீர்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். தின்பது குறைந்தால் கழிவு குறையும்.

கைரி


ரஷீத், 16 ஜனவரி

ஹாஜ்,

பாட்டில் வருகிறது. பொய்யா உண்மையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவர் என்னிடம் நாற்பது ஏஞ்சல் கேட்டிருந்தார். நேற்று வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் நீங்கள் எல்லார் காதிலும் விழும்படி, "ரஷீத் சரக்கு இப்ப யாரும் எடுக்காதீங்கப்பா, தண்ணியே சரியில்ல" என்று சொன்னீர்களாம்.

என்னிடம் கேட்ட பிறகு சொல்லியிருக்கலாம். இல்லை, பாட்டில் வந்த பிறகாவது சொல்லியிருக்கலாம்.

இனாயத்


கெய்ரோ, 20 ஜனவரி

ஸித்த் இனாயத் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது உண்மை.

என் பீப்பாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், உங்களுடையது ஒரு பாட்டில், இரண்டையும் எடுத்துக்கொண்டு இங்கே ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிய்யாவிடம் போனேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகிற சொட்டு மருந்து அவனிடம் உண்டு. என் தண்ணீரில் விட்டான், நிறமே இல்லை. உங்களுடையதில் விட்டான், அதிலும் ஒன்றுமில்லை. "பாத்தியா, நல்ல தண்ணிதான்" என்று எழுந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். சிகரெட் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் உங்கள் தண்ணீர் மெல்ல மெல்ல மஞ்சளானது. எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சள்.

"ஹாஜ், சும்மா குளோரின்னா சொட்டு விழுந்ததுமே காட்டிக் குடுத்துரும். இது நின்னு நிதானமா காட்டுது. அமோனியாவோட கை கோத்துக்கிட்ட குளோரின் இது. ரெண்டு நாளு வெயிலுக்கெல்லாம் இது எந்திரிச்சுப் போவாது."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"மெம்பருங்க புள்ளைங்கல்லாம் குளத்துக்குள்ளயே ஒண்ணுக்குப் போவுதுங்க. நான் தினமும் பாக்குறது இதுதான்."

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜனவரியில் வாய்க்கால்களைத் தூர்வார அணையில் தண்ணீரை அடைக்கிறார்கள், ஆறு இறங்கிவிடுகிறது. ஆற்றின் உங்கள் பக்கத்துக் கிளையில் வந்து சேரும் வடிகால் கழிவைக் கரைக்க ஆற்றில் நீர் இல்லை, அமோனியா ஏறுகிறது. மனிதர்கள் குடிக்கிற தண்ணீராயிற்றே, குடிநீர் நிலையத்தார் குளோரினைக் கூட்டுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நாங்கள் ஆறு கிளையாகப் பிரிவதற்கு மேலே இருந்து எடுக்கிறோம், அதனால் எங்களுக்குத் தெரிவதில்லை.

ஐந்து குளிர்காலமாக உங்கள் ஏஞ்சல்கள் எப்படிப் பிழைத்தன என்கிறீர்களா? அவற்றுக்கு நீங்கள் வாரம் ஒரு முறைதான் மாற்றுவீர்கள், அவையும் முரட்டு ஜாதி. தினமும் பாதி மாற்று என்று சொன்னவன் நான். கெய்ரோவில் உட்கார்ந்து கெய்ரோத் தண்ணீருக்குச் சட்டம் போட்டு ரஷீதுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்று சந்தையில், உங்கள் சரக்கைப் பற்றிச் சொன்னதை மாற்றிச் சொன்னேன். அலெக்சாந்திரியாக்காரருக்கும் ஆள் விட்டிருக்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. ஊரில் ஸ்டுடியோக்காரரிடம் படம் கழுவுகிற ஹைப்போ படிகம் வாங்குங்கள். பீப்பாய்க்கு அரை டீக்கரண்டி போட்டுக் கலக்கினால் குளோரின் முறியும். ஆனால் அதன் கையைப் பிடித்திருந்த அமோனியா தனியாக நிற்கும், அதுவும் விஷம். அதைத் தின்னும் கிருமி மூலைத் தொட்டியில் நீரை வடிகட்டும் ஸ்பாஞ்சில்தான் உயிரோடு இருக்கும். அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள். தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தால் அமோனியா பல் பிடுங்கிய பாம்புதான். அமிலம் பார்க்கும் வேறொரு சொட்டு மருந்து இத்துடன் வருகிறது. நீலம் காட்டினால் ஆபத்து. பச்சை நல்லது. பச்சையில் கொஞ்சம் மஞ்சள் கலந்தால் மிக நல்லது. முழு மஞ்சள் வேண்டாம்.

மழை பெய்தால் பிடித்து வையுங்கள். மழைக்குக் குளோரினும் தெரியாது, வடிகாலும் தெரியாது.

கைரி


ரஷீத், 2 பிப்ரவரி, ரமளான்

ஹாஜ் கைரி அவர்களுக்கு,

ரமளான் கரீம்.

நாங்கள் "கரம்" என்று பெயர் வைத்திருக்கும் புயல் இந்த வருஷம் பெயருக்கேற்ற மாதிரி தாராளமாகவே வந்தது. பெய்தது, ஓய்ந்தது, மறுபடி பெய்தது. முதல் மழையை விட்டுவிட்டேன். இங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது, முதல் காற்றில் உப்பு கலந்து வரும். தரையில் ஓடிய நீரையும் எடுக்கவில்லை, சிமெண்டில் சுண்ணாம்பு இருக்கிறது, புறா எச்சமும் இருக்கிறது. துணி காயப்போடும் கயிறுகளில் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைத் தொட்டில் மாதிரி கட்டி, அதன் நடுவிலிருந்து பீப்பாய்க்கு வழிய விட்டேன். ஸப்ரி நனைந்துகொண்டே வந்து, "தண்ணிக்குத் தாலாட்டு பாடச் சொன்னேன், நீ தொட்டிலே கட்டிட்டியா?" என்று கேட்டான். ஆனால் காற்று விரிப்பைத் தூக்கியபோது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன்தான்.

மூலைத் தொட்டிக்கு முதல் நாள் ஒரு வாளி மழைநீர், ஹைப்போ போட்ட குழாய் நீர் இரண்டு வாளி. பிறகு பாதிக்குப் பாதி. சொட்டு மருந்து நீலத்திலிருந்து பச்சைக்கு வந்து நிற்கிறது. ஒரு தடவை மட்டும் அவசரப்பட்டு மழைநீரை அதிகமாக ஊற்றிவிட்டேன், முழு மஞ்சளாகிவிட்டது. ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கரைத்துத் துளித்துளியாக விட்டேன், சரியானது.

லேசாகக் கறுத்திருந்த ஜோடி இன்று தெளிந்துவிட்டது. நெற்றியில் நீல வரி தெரிகிறது. ஒன்றுக்கொன்று தலை வணங்குகின்றன.

இனாயத்


கெய்ரோ, 6 பிப்ரவரி

ஸித்த் இனாயத் அவர்களுக்கு,

நல்ல செய்தி. சோடாவைச் சரியாகச் செய்தீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது வியாபாரம். ஹீலியோபோலிஸில் ஒரு எஞ்சினியர் அந்த ஜோடியைக் கேட்கிறார். பெருநாளுக்கு முன்னால் வேண்டுமாம், சொன்ன விலையில் பேரமே பேசவில்லை. புதுக் கடையின் சொந்தக்காரர் முன்பணத்துக்கு என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். வியாழக்கிழமை ஷல்பியோடு அனுப்புங்கள். இரட்டைப் பையில் போடுங்கள், காற்று அதிகம், தண்ணீர் குறைவு, சுற்றிக் கம்பளி. உங்கள் உழைப்புக்குத் தனியாகத் தருவேன், அதில் குறை வைக்க மாட்டேன்.

கைரி


ரஷீத், 9 பிப்ரவரி

ஹாஜ்,

அனுப்ப மாட்டேன்.

நேற்று அஸருக்குப் பிறகு கவிழ்த்து வைத்த பூந்தொட்டியைப் பெண் மீன் வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தது. பிறகு வரிசை வரிசையாக முட்டை வைத்தது. ஆண் பின்னாலேயே போனது. இப்போது இரண்டும் முறை வைத்துக்கொண்டு துடுப்பால் விசிறுகின்றன. இந்த நேரத்தில் வலையை உள்ளே விட்டால் அவையே முட்டையைத் தின்றுவிடும், அது உங்களுக்கே தெரியும்.

ஷல்பி காலிக் கையோடு வருகிறான். அவனைத் திட்டாதீர்கள். நோன்பு வைத்திருக்கிறான்.

இனாயத்


கெய்ரோ, 11 பிப்ரவரி

ஸித்த் இனாயத்,

ஷல்பியைத் திட்டவில்லை. உங்களைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

கேளுங்கள். அந்த ஜோடி என்னிடம் இரண்டு வருஷம் இருந்தது. எத்தனை முறை முட்டை வைத்தது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் உப்பு தூவின மாதிரி எல்லாம் வெள்ளையாகிவிடும், அடுத்த நாள் பூஞ்சை. மருந்து போட்டேன், விளக்கை மாற்றினேன், என் மனைவி ஓதிக்கூட ஊதினாள். பலனில்லை. முட்டைக்கு ஆசைப்பட்டுக் கையில் இருக்கும் ஆளை விடுவது வியாபாரம் அல்ல.

எஞ்சினியரிடம் பஸ் பழுது என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளையானதும் அனுப்பிவிடுங்கள்.

கைரி


ரஷீத், 13 பிப்ரவரி

ஹாஜ்,

கொஞ்சம் வெள்ளையானது. மீதி வெள்ளையாகவில்லை. கறுத்தது.

இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பூந்தொட்டி மேல் மயிர் முளைத்த மாதிரி இருந்தது. கிட்டப் போனால் எல்லாம் வால். எல்லாம் துடிக்கின்றன.

ஸப்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தான். பிறகு கூண்டுகளைத் தானே தூக்கி வெளியே வைத்தான். "புறாவுக்கு இந்த மூல ஆகாது, காத்தே இல்ல" என்றான்.

உங்கள் கெய்ரோத் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்து முட்டைக்குக் கடினமாக இருந்திருக்கிறது. நாலு மீனைக் கொன்ற தண்ணீருக்குப் பயந்துதான் நான் மழையைத் தேடிப் போனேன், அது இப்படி ஆனது. இப்போது என்ன செய்யட்டும்? பிடித்து அனுப்பட்டுமா? மீன் உங்களுடையது. சொல்லுங்கள்.

இனாயத்


கெய்ரோ, 15 பிப்ரவரி

ஸித்த் இனாயத் அவர்களுக்கு,

தொடாதீர்கள். வலையைக் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். குஞ்சு நீந்த ஆரம்பித்தால் பெற்றவர்களின் உடம்பில் ஊறும் வழவழப்பைத்தான் பால் மாதிரி தின்னும், விளக்கை முழுதாக அணைக்காதீர்கள், வழி தவறிவிடும்.

எஞ்சினியரிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மீன் ஏற்றும் என் வேனை விற்று முன்பணம் கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஷல்பி பஸ்ஸில் வருகிறேன்.

கைரி


ரஷீத், 22 பிப்ரவரி

ஹாஜ் கைரி அவர்களுக்கு,

நீங்கள் நோன்பு திறக்க எங்கள் வீட்டில் உட்கார்ந்ததில் ஸப்ரிக்கு அவ்வளவு பெருமை. மீன் சோற்றை மூன்று தட்டு சாப்பிட்டீர்கள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால், குஞ்சுகள் தாயின் விலாவில் தூசி மாதிரி அப்பிக்கொண்டு தின்பதைப் பார்த்து நீங்கள் தொட்டியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பேச வேண்டாம் என்று விட்டேன். இப்போது பேசுகிறேன். எண்பதுக்கு மேல் இருக்கின்றன. நீங்கள் போகும்போது, "கொஞ்சம் பெருசானதும் எல்லாத்தையும் அனுப்பிருங்க, உங்களுக்கு ஒரு நல்ல தொகை தர்றேன்" என்றீர்கள். நல்ல தொகை என்பது எனக்குப் பிடிக்காத வார்த்தை. அது கூலி. இந்தக் குஞ்சுகளில் எனக்குப் பங்கு வேண்டும். செத்த நாலில் எனக்கும் பங்கு இருந்ததல்லவா? அதைச் சுமந்தேன். பிழைத்ததிலும் இருக்கட்டும்.

ஜோடி இங்கேயே இருக்க வேண்டும். மழை இங்கேதான் பெய்கிறது, மிச்சம் இரண்டு பீப்பாய் மூடி வைத்திருக்கிறேன். அணை திறந்து ஆறு ஏறியாகிவிட்டது, அதிய்யாவிடம் குளோரின் பார்க்கும் அந்தச் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி அனுப்புங்கள், குழாய் நீரை நானே பார்த்துக்கொள்வேன். ஆனால் எந்தத் தண்ணீர், எவ்வளவு, எப்போது என்பதை இனி இங்கே நான்தான் முடிவு செய்வேன்.

ஒத்துக்கொண்டால் எழுதுங்கள். இல்லையென்றால் வந்து எடுத்துப்போங்கள், தடுக்க மாட்டேன்.

இனாயத்


கெய்ரோ, 27 பிப்ரவரி

ஸித்த் இனாயத் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அதிய்யாவிடம் படித்துக் காட்டினேன். "ஹாஜ், இந்தம்மா உங்களையே வித்துப்புடும்போல" என்றான். சொட்டு மருந்து ஒரு முழு பாட்டில் கொடுத்திருக்கிறான், ஷல்பி கொண்டுவருகிறான்.

நேற்று முழுக்க உங்கள் கணக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு என்று எழுதலாமா என்று ஆரம்பித்தேன். ஒரு வரி எழுதிக் கிழித்துவிட்டேன். என்னிடம் இரண்டு வருஷம் இருந்து ஒரு குஞ்சுகூடப் பிழைக்காத ஜோடியில் மூன்றில் இரண்டு எனக்கு என்று எழுத என் பேனாவே ஒத்துழைக்கவில்லை. அதற்காக என்னை இளகியவன் என்று நினைக்க வேண்டாம். உங்களை விட்டால் அலெக்சாந்திரியாக்காரர் நாளைக்கே உங்கள் வாசலில் நிற்பார், அது எனக்குத் தெரியும்.

புதுக் கடைக்கு நேற்றுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். முன் தொட்டியைக் காலியாக வைத்திருக்கிறேன். அதில் ரஷீத் சரக்கு என்று எழுதித்தான் விற்பேன்.

ஆக, நமக்குள் முடிவானது இது. ஜோடி இருவருக்கும் பொது, இருப்பது ரஷீதில், தண்ணீர் உங்கள் பொறுப்பு. தீனி, மருந்து, ஷல்பி பஸ் கூலி என் செலவு. அறைக்கு வாடகை என்று ஸப்ரிக்கு மாதம் நாற்பது பவுண்டு, அதில் பாதி நான் தருகிறேன். குஞ்சு கால் பவுண்டு நாணயத்தின் இரண்டு மடங்கு அகலம் வரும்வரை விற்பனை இல்லை. ஒன்று முப்பது பவுண்டு, அதற்குக் கீழே யாருக்கும் இல்லை. உங்களுக்குப் பதினைந்து, எனக்குப் பதினைந்து.

கைரி